டாலருக்காக இறக்கிய முடி

டாலர் ஏறினால் மொட்டை போடுகிறேன் என்று திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்ட ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பவர்லூம். பாவும் நூலும் முதலாளி தருவார். லுங்கி நெய்து கொடுத்தால் கூலி. பல வருடமாக அதே கூலி. மகள் நர்சிங்கில் முதல் வருடம் முடித்திருந்தாள். கூலி ஏறினால்தான் இரண்டாம் வருடத்துக்குப் பணம் கட்ட முடியும். போய்க் கேட்டேன். சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறது, டாலர் படுத்துக் கிடக்கிறது, தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

"டாலரு ஏறட்டும்மா, கூலிய ஏத்திடறேன்."

நம்பினேன். பாவில் இழை அறுந்தாலே முருகா என்று கூப்பிடுகிற வீடு எங்களுடையது. டாலரையும் அவனிடமே ஒப்படைத்தேன். டாலர் என்ன உன் பங்காளியா என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

டாலர் ஏறியது. ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது, நெசவாளிக்கும் நல்லது என்று டிவியில் ஒரு கோட்டுக்காரர் அளந்தார். மறுநாளே மலைக்குப் போய், இடுப்பு வரை இருந்த முடியை இறக்கினேன். தலையில் பூசிய சந்தனத்தோடு நேரே முதலாளி வீட்டுக்குப் போனேன்.

சாயம் டாலர் விலையில் வருகிறதாம். ரூபாய் விழுந்ததைப் பார்த்து வாங்குகிறவனும் விலையைக் குறைக்கச் சொல்கிறானாம். அதனால் லுங்கிக்கு ஒரு ரூபாய் கூலியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

"எறங்கினாலும் என் கூலி, ஏறினாலும் என் கூலியாங்க?"

"அதெல்லாம் மேல முடிவு பண்றாங்கம்மா."

மேலே யார்? ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்த ஒருத்தனாவது ரூபாயை ஏற்றட்டுமா, இறக்கட்டுமா என்று எங்களைக் கேட்டிருக்கிறானா? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இதில் ஒரு பக்கத்து இடியை நானே வேண்டி வாங்கியிருக்கிறேன். அந்தக் கோட்டுக்காரர் எதிரில் வந்திருந்தால் என் மொட்டைத் தலையைக் காட்டி நல்லதா என்று கேட்டிருப்பேன்.

மகள் படிப்பை நிறுத்திவிட்டு கனகம்மாசத்திரத்தில் ஒரு கடையில் வேலைக்கு நின்றாள். கோயில் முடியெல்லாம் ஏலம் போய், வெளிநாட்டில் டாலருக்கு விற்கிறது என்று ஒரு நாள் போனில் பார்த்துவிட்டு வந்தாள்.

"உன் முடிக்காச்சும் டாலர் ரேட்டு கெடச்சிச்சேம்மா" என்றாள். அவள் சிரிக்கவில்லை.