ஐஸ் ரூமுக்குப் போன கேபிள்

விமலா பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது. போன நோன்பு மாதம், பட்டப்பகலில், மலேசியக் கடலோரத்துச் சுங்கை செம்பிலாங்கில். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அவளுக்கு ஊர் புக்கிட் ரோத்தான். சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர், வைஃபை பழுது பார்க்கிறவள். அன்று கூப்பிட்டது கருவாட்டுக் கடை பாவா.

“கடையோட வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது விமலா. பெருநாள் ஆர்டர் எல்லாம் அதுலதான் கிடக்கு. லேபிள் அடிச்சாகணும், சாயங்காலம் லோரி வந்துரும் லா.”

விமலா கடைக்கு வந்ததும் தன் போன் டேட்டாவில் தட்டிப் பார்த்தாள். வெப்சைட் உடனே திறந்தது. கடை வைஃபையில் மட்டும்தான் திறக்கவில்லை. வெறும் வெள்ளைப் பக்கம் வந்து நின்றது.

டிஎன்எஸ் கோளாறு என்று புரிந்துவிட்டது. வெப்சைட்டின் பெயரைக் கொடுத்தால், அது இருக்கிற எண்ணை ஒரு சர்வர் சொல்ல வேண்டும். இங்கே யாரோ தப்பான எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செட்டிங்கை மாற்றினாள். கண் எதிரிலேயே அது பழையபடி மாறியது. மறுபடி மாற்றினாள். மறுபடி...

பதில் எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். வெளியிலிருந்து இல்லை. கடைக்குள்ளேயே ஒரு கருவி. திரையில் அதன் பெயர், புனிதன்.

பாவா முன்னால் வியாபாரத்தில் இருந்தார். விமலா சுவரோடு போன கேபிளைப் பிடித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள். கேபிள் பிசுபிசுத்தது. போகப் போக அதிகமாக. உள்ளங்கையில் மஞ்சளாக எண்ணெய் ஒட்டியது.

கேபிள், முன்பு மீனுக்கு ஐஸ் வைத்திருந்த பழைய ஐஸ் ரூமுக்குள் போனது. கதவைத் தள்ளினாள்.

நாற்றம். கருவாட்டு நாற்றம் அவளுக்குப் பழக்கம். இது வேறு. ஊசிப்போன கறியில் சீனியைக் கொட்டியது போல. அது மூக்கில் நிற்கவில்லை, நாக்கில் வந்து படிந்தது.

கேபிள் முடிந்த இடத்தில், அலமாரியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கியது. மேலெல்லாம் கொழுப்பு. அதில் முடி ஒட்டியிருந்தது.

கரண்ட் வயர் இல்லை.

தொட்டாள். சூடாக இருந்தது. விரல் உள்ளே அமுங்கியது...

கிர்ர்ர்... என்று ஒரு சத்தம். மூச்சு மாதிரி.

கேபிளைப் பிடுங்கினாள்.

சளக்.

கேபிள் முனை தோலோடு வந்தது.

ரூம் வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தாள்.

“வெப்சைட் திறந்துருச்சு விமலா,” முன்னாலிருந்து பாவாவின் குரல் கேட்டது. லேபிள் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது.

பின்கட்டுக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாற்றம் போகவில்லை. பாவாவின் மனைவி ஹலீமா அங்கே கருவாடு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, புனிதன் யாரு?”

ஹலீமாவின் கை நின்றது.

“உனக்கு முன்னால இங்க கம்ப்யூட்டர் பார்த்தவரு. நாங்க கடையை அடைச்சிட்டு ஊருக்குப் போயிருந்தோம். சாவி அவருகிட்டதான் இருந்துச்சு. ஐஸ் ரூம்ல தனியா வேலை பார்த்தப்ப அவருக்கு மாரடைப்பு. வந்து கதவைத் திறந்தா... அந்தப் பெட்டி மேல முகம் கவுந்து கிடந்தாரு. பல நாளாயிருச்சு. முகத்தைப் பெட்டியிலேர்ந்து பிரிக்க முடியல.”

விமலா குழாயை மூடினாள். “அப்புறமும் அதை ஏன் அங்கேயே வச்சிருக்கீங்க?”

ஹலீமா அவளையே பார்த்தார்.

“யாரு வச்சது? அன்னைக்கே படகுல கொண்டு போய்க் கடல்ல போட்டாச்சு. அலமாரியை எரிச்சாச்சு. கேபிளைக்கூட விடல. அந்த ரூம்ல வெறும் சுவருதான் விமலா.”