முதுகில் ஒரு முழங்கால்

தலைச்சுற்றும் இடது காதுக்குள் இரைச்சலும் விடாமல் இருந்தபடியால், தலைக்குள் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க டொக்டர் ஸ்கானுக்கு எழுதித் தந்தார். படுக்க வைத்து, முகத்துக்கு மேல் ஒரு கூட்டை மாட்டி, குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் தள்ளுவார்கள். முதல்முறை போனபோது, தோள் உள்ளே போக முன்னமே, அவசரத்துக்கென்று கையில் தந்த பந்தை அமத்திவிட்டேன். வெளியே இழுத்தார்கள். உள்ளே சரியான குளிர் என்று மகனிடம் சொன்னேன்.

"அம்மா, பயமெண்டா பயமெண்டு சொல்லுங்கோ."

"எனக்கென்ன பயம்? ஷெல்லடிக்குள்ள பிள்ளை பெத்தவள் நான். உந்தப் பீப்பாவுக்குப் பயப்படுவனே?"

அந்தப் பிள்ளை அவன்தான்.

மருமகள் ஜப்பான்காரி. தமிழை என் மகனிடம் பழகியபடியால் எங்கட ஆட்களைப் போலத்தான் கதைப்பாள், கொஞ்சம் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி. அடுத்த நாள் குசினியில், ஸ்பிரிங்வேல் சந்தையில் வாங்கிய மீனை வெட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமி, குளிர் இல்லை. இறுக்கம்தானே?"

"ஓம் எண்டு வை."

"எந்த இறுக்கம்?"

இறுக்கத்திலும் எந்த, என்ன என்று வகை இருக்கிறதா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். நெஞ்சு படபட என்கிறது என்று நாங்கள் சொல்கிறோமே, அதுபோலத் தங்களிடம் இறுக்கத்துக்கே பல சத்தங்கள் இருக்கிறதாம். அங்கே டொக்டரிடம்கூட நோவை அப்படித்தான் சொல்வார்களாம். என் சட்டைக் கையைத் தொட்டுக் காட்டினாள். சதை பிதுங்கத் துணி இழுத்துப் பிடித்தால் அது பட்சுபட்சு.

"என்ர கையை விட்டிட்டு உன்ர மனுசன்ர வயித்தைக் காட்டு."

"அது இன்னும் பட்சுபட்சு" என்றாள்.

ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்தால் கியூ. நெஞ்சைப் பிழிகிற மாதிரி வந்தால் கியூன். ரயிலுக்குள் சனம் திரும்ப இடமில்லாமல் அடைந்து நின்றால் கியூகியூ.

கடைசியை இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

ஊரில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டிய பங்கருக்குள் அப்படித்தான் இருந்தோம். மேலே பனங்குற்றியும் மண்மூட்டையும், கீழே இருட்டு. எங்கட ஒழுங்கையில் குடியிருந்த சனம் முழுக்க அந்தக் கிடங்குக்குள். என் வயிற்றில் மகன், நிறைமாதம். பின்னால் இருந்த யாரோ ஒருவரின் முழங்கால் என் நடுமுதுகில் ஊன்றிக்கொண்டு இருந்தது. முதலில் நொந்தது. பிறகு விளங்கியது, அது இல்லாவிட்டால் நான் சரிந்திருப்பேன். மூச்சு என் பிடரியில் சுட்டது. கழுத்தைத் திருப்ப இடமில்லை. சத்தம் ஓய்ந்ததும் எல்லாரும் ஏறி ஓடினோம். அது ஆணா பெண்ணா என்றுகூட நான் பார்க்கவில்லை. அடுத்தமுறை ஷெல் அந்தப் பங்கரின் மேலேயே விழுந்து, உள்ளே இருந்த சனத்தோடு மண் மூடியது. அன்றைக்கு நான் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அதற்குப் பிறகு எங்கே இறுகினாலும் அந்த முழங்கால் வந்துவிடும். லிஃப்டில் ஆட்கள் நெருக்கினால், காரில் பெல்ட் பிடித்தால், அதே இடத்தில் வந்து ஊன்றும். இந்த நாட்டுக்கும் என்னோடு வந்தது. ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கு விசர் பிடித்துவிட்டது என்பார்கள்.

அந்த மெஷினுக்குள் மட்டும் அது வரவில்லை. அவ்வளவு இறுக்கம், அதற்குள் ஒருவருமில்லை. அதுதான் என்னால் ஏலாமல் போனது.

இவ்வளவையும் மருமகளிடம் சொன்னேன். மீன் அப்படியே கிடந்தது.

"அப்ப மாமிக்கு ஆள் வேணும்" என்றாள்.

இரண்டாம் முறை அவளும் மோதிரம், தோடு எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கால்மாட்டில் நின்று என் பாதத்தைக் கியூ என்று பிடித்தாள். மெஷின் சுத்தியலால் தகரத்தில் அடிப்பது போல அடிக்கத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். பாதம் அவளிடம் இருந்தது, நெஞ்சு தனியாகக் கிடந்தது. பந்தில் விரல் வைத்தேன். அமத்தத்தான் போனேன்.

மல்லாந்து கிடந்த முதுகுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு கடதாசி போக இடமில்லை. ஆனாலும் வந்தது. அதே இடம், அதே எலும்பு. பிடரியில் சுட்ட மூச்சும் வந்தது. மயிர் கூச்செறிந்தது. பிறகு தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. அடித்து முடியும்வரை நான் பந்தை அமத்தவில்லை.

படம் வடிவாக வந்திருக்கிறதாம், முடிவு டொக்டரிடம் போகுமாம் என்றாள் அங்கே வேலை செய்த பிள்ளை. மகன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"எப்பிடி மாமி?" என்று கேட்டாள் மருமகள்.

"கியூகியூ" என்றேன்.

அவனுக்கும் அந்தச் சொல் தெரியும். "உங்களோட உள்ள என்ன சந்தைச் சனமே கிடந்தது?" என்று சிரித்தான்.

மருமகள் சிரிக்கவில்லை. நான் ஏறிப் பின் சீட்டில் இருந்ததும், என் முதுகுப் பக்கத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, யாருக்கும் இடித்துவிடாமல் சாத்துவது போலக் கதவை மெல்லச் சாத்தினாள்.