ஒருவர் புகையிலை, ஒருவர் குரக்கன்

வாருங்கள், இருங்கள். வீட்டில் எல்லோரும் சுகந்தானே? உரும்பிராய்ச் செல்லையா அண்ணையை அறிந்தவர்கள் என்பதால் சொல்கிறேன். நான் மிளகாய்க்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். அவருடைய மூத்த மகன் வேலியால் எட்டி, "சித்தப்பா, ஐயா மோசம் போயிட்டார்" என்றான். கடைசிப் பாத்திவரை மாறிவிட்டுத்தான் செத்தவீட்டுக்குப் போனேன். பாதியில் விட்டிருந்தால் அண்ணையே எழும்பி வந்து ஏசியிருப்பார்.

பக்கத்துத் தோட்டக்காரரான எங்கள் இருவருக்கும் ஒரே கிணறு. நான் இறைத்தால் அவர் மேலே ஏறித் துலா மிதிப்பார், அவர் இறைத்தால் நான். அவர் மிதிக்கும்போது பாடுவார். குரல் கொஞ்சமும் நன்றாயிராது. அது கிடக்கட்டும்.

பல வருடத்துக்கு முன்னம், சீமையில் எங்கோ சந்தை விழுந்ததாம். மலாயாவில் என் தமையனுக்கு வேலை போய், மாதாமாதம் வந்த காசு நின்றது. மலையாள தேசத்துக்குப் புகையிலை ஏற்றும் வியாபாரியும் வரவில்லை. எங்கள் இருவருடைய இலையும் புகை போடும் குடிலுக்குள் கிடந்து மக்கியது. அடுத்த நடுகைக்கும் புகையிலைதான் என்று நான் நின்றேன்.

"நீ புகையிலை நட்டால் நான் துலா மிதிக்க வரமாட்டன். கூழுக்குக் குரக்கன் போடு" என்றார் அண்ணை.

"நீங்கள் என்ன போடுறியள்?"

"புகையிலை."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "என்னைக் குரக்கனுக்குத் துரத்திப்போட்டு நீங்கள் தனியச் சம்பாதிக்கப் போறியளோ?"

"விசரா! வியாபாரி வந்தால் என்ரை காசிலை உன்ரை பிள்ளையளும் உடுக்கட்டும். வராட்டி உன்ரை குரக்கனிலை என்ரை பிள்ளையளும் கூழ் குடிக்கட்டும். ரெண்டு பேரும் ஒண்டையே நட்டால், ஆர் ஆரிட்டைப் போறது?"

மிதிக்க வேறு ஆளில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டே குரக்கன் போட்டேன்.

வியாபாரி அந்த வருடமும் வரவில்லை. என் வீட்டில் குரக்கன் இருந்தது. அவர் வீட்டு அடுப்பில் புகையில்லை. அண்ணை வேலிப் பக்கமே வரவில்லை.

"அவர் வந்து கேக்குமட்டும் பாத்துக்கொண்டு இருக்கப் போறியளோ?" என்றாள் என் மனைவி. சாக்கைத் தூக்கிப்போய் வைத்தேன். அண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"கல்லுக் கிடக்கு. வடிவாப் புடைக்கேல்லை" என்றார். பிறகு சுளகை எடுத்து வந்து தானே புடைக்கக் குந்தினார்.

பிறகு வந்த வருடங்களிலெல்லாம், வேலியடிக்குப் போய், "நீங்கள் என்ன போடுறியள்?" என்று கேட்காமல் நான் ஒரு நாற்றும் நட்டதில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் கேள்விதான். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த மறுநாள் வேலியடிக்குப் போய், மகனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த முறை நீ என்ன போடுறாய்?" என்று கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா, "சித்தப்பா, முதல் நீங்கள் என்ன போடுறியள் எண்டு..."

"சித்தப்பா! உங்கை என்ன கதை? இறைக்கிற பட்டையோடை நிக்கிறன், துலா மிதிக்க வாங்கோ!"

அந்தா, அவன்தான் கிணற்றடியில் நின்று கூப்பிடுகிறான். ஓம், வாறன் மேனே!