தண்ணீருக்குள் தலையாட்டக் கூடாது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்பும் சோறுமாகத் தட்டு பாதி காலியாகியிருந்தபோது, நாங்கள் பொனேர் தீவுக்குப் போகிறோம் என்று என் மனைவி அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கரிபியன் கடலில், வெனிசுவேலாவுக்குக் கொஞ்சம் மேலே என்றாள். கரிபியன் என்றால் எனக்கு மேற்கிந்தியத் தீவுகள். மேற்கிந்தியத் தீவுகள் என்றால் காதோரம் சீறிப் போகும் வேகப்பந்து. அந்தப் பக்கத்தைப் பற்றி அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் கிரான்பர்னிலிருந்து அங்கே போய்ச் சேர எங்கெங்கே விமானம் மாற வேண்டும் என்பது வரை அவள் பார்த்து வைத்திருந்தாள்.

அந்தத் தீவில் கடலுக்கடியில் போய்ப் பார்க்கப் படகே தேவையில்லையாம். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, காற்று அடைத்த சிலிண்டர்களைப் பின்னால் போட்டுக்கொண்டு, கடலோரச் சாலையில் போக வேண்டியது. வழியில் மஞ்சள் பூசிய கற்களில் ஒவ்வோர் இடத்தின் பெயரும் எழுதியிருக்கும். பிடித்த கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். கொஞ்ச தூரத்திலேயே பவளப்பாறை தொடங்கிவிடும். படகு வேண்டாம் என்பது அவளுக்கு மிக முக்கியம். மன்னாரில் கடலைப் பார்த்து வளர்ந்தவள்தான், ஆனால் படகில் கால் வைத்தால் வாந்தி.

இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, அவள் அடுத்ததைச் சொல்லும் வரை. படகு இல்லை என்றால் கூடவே வரும் வழிகாட்டியும் இல்லை. தனியாக இறங்கவே கூடாது, எப்போதும் இருவராகத்தான் இறங்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் முதல் விதி. அந்த இரண்டாவது ஆள் நான்.

நான் கரூர்க்காரன். எங்கள் அமராவதி ஆற்றில் தண்ணீர் வந்தால் அது செய்தி, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். கடலடியில் போகிறவரை அவள் ஊர்த் தமிழில் சுழியோடி என்பார்கள். எங்கள் ஊரில் அதற்குச் சொல்லே கிடையாது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க ஒருவர் இறங்குவார், அவ்வளவுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை நான் பழமொழியாக அல்ல, மருத்துவ ஆலோசனையாகவே எடுத்துக்கொண்டு வாழ்ந்தவன். அதையெல்லாம் அவளிடம் விளக்கிச் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"சின்னனில அண்ணாமார் எல்லாம் கடலுக்க குதிப்பினம். நான் கரையில நிண்டு அவையின்ர சேட்டுகளுக்குக் காவல். எனக்கு அம்பது வயசாகப் போகுதப்பா. இனியும் சேட்டுக் காக்க ஏலாது."

சேட்டு என்றால் அவர்கள் ஊரில் சட்டை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு அந்தச் சிறுமியை நினைத்து மனசு என்னவோ செய்தது. சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் பின்னால் என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

அந்த அண்ணாமாரில் மூத்தவர் இப்போது சிட்னியில், மெரிலேண்ட்ஸில் இருக்கிறார். விஷயம் அவர் காதுக்குப் போனதும் எனக்குத்தான் தொலைபேசி வந்தது. அந்தத் தீவில் வேறு என்ன இருக்கிறது என்று விசாரித்தார். நானும் படித்ததை ஒப்பித்தேன். உப்பளங்கள் இருக்கின்றன, அதில் பூநாரைகள் நிற்கும், சாலையெல்லாம் கழுதைகள் திரியும் என்றேன்.

"மச்சான், உப்பளம், பூநாரை, கழுதை. இது மூண்டும் மன்னாரில இருக்கு. இதைப் பாக்கவோ அமெரிக்காவைத் தாண்டிப் போறியள்?"

நியாயமான கேள்வியாகவே பட்டது. அதை அப்படியே மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒருவேளை பயணம் மன்னாருக்கு மாறி, நான் கரையில் உட்கார்ந்து நண்டு சாப்பிடலாமே என்ற நப்பாசையில். மன்னாருக்குப் போனால் தான் இன்னாருடைய மகள், இன்னாருடைய தங்கை என்றும், முழங்கால் நனைவதற்குள் ஊர் திரண்டு வந்து கூப்பிட்டுக்கொண்டு போய்விடும் என்றும், தன்னை ஒருவருக்கும் தெரியாத கடல்தான் தனக்கு வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைப்பது அங்கே குதிரைக்கொம்பு. அதையும் வாங்கிவிட்டாள். பாக்கி இருந்தது இருவரும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்குவது, அதாவது நான் பாஸாவது மட்டும்தான்.

பயிற்சி முதலில் நீச்சல் குளத்தில். சொல்லித் தந்தவர் நாற்பது வயதிருக்கும் ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி, முகமெல்லாம் வெயில் புள்ளி, குரல் மட்டும் பஞ்சு. தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாம் கைதான் என்றார். ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்தால் நலம். விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம் என்று பொருள். அதை யார் வேண்டுமானாலும் காட்டலாம், காட்டினால் காரணம் கேட்காமல் எல்லோரும் மேலே போயே ஆக வேண்டும்.

குடும்ப வாட்ஸ்அப்பில் ஊறிய கை என்னுடையது. முதல் நாளே உற்சாகத்தில் கட்டைவிரலை உயர்த்தி, குளத்திலிருந்த அத்தனை பேரையும் மேலே ஏற்றினேன். அது எல்லோரும் செய்யும் தவறுதான் என்று ஆசிரியர் சிரித்தார். சீக்கிரமே சரியாகிவிட்டது. சரியாகாதது என் கழுத்து.

நம் தலையாட்டல் ஒன்று இருக்கிறதல்லவா, ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல், கேட்டுக்கொண்டிருக்கிறேன், எல்லாம் சரிதான், நடத்துங்கள் என்று தோளிலிருந்து தோளுக்குத் தலை மெல்லச் சாய்வது? அதை நான் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. மார்னிங்டன் தீபகற்பத்தில் ஒரு மரப் படகுத்துறைக்கு அடியில்தான் கடல் பயிற்சி. ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பச்சைத் தண்ணீர். ஆசிரியர் என் முன்னால் வந்து, நலமா என்று விரல் வட்டம் காட்டினார். நானும் மிகுந்த மரியாதையுடன் தலையை ஆட்டினேன். அவர் கண் அகன்றது. என் தோள்பட்டையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். மறுபடி இறங்கினோம். மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினேன், மறுபடி மேலே. கையை ஆட்டினாலே ஏதோ சரியில்லை என்று பொருள், தலையே அப்படி ஆடினால் ஆள் மயங்கப் போகிறார் என்றுதான் தனக்குத் தோன்றும் என்றார். கடைசியில் கரையில் உட்கார வைத்து, நான் என்ன சொல்கிறேன் என்று தனக்கு விளங்காத வரை சான்றிதழ் தர முடியாது, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்றார். பஞ்சுக் குரலில்தான் சொன்னார். உறைத்தது.

திரும்பி வரும்போது காரில் மனைவி ரேடியோவை அணைத்துவிட்டாள். கோபம் என்றால் தாங்கிக்கொள்வேன், அது கோபம் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏமாந்து போய் இருந்தாள். அவள் போகாமல் போனால் அது என் கழுத்தால்தான் என்பதை நினைக்க அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை வீட்டில் சட்டம் மாறியது. எந்தக் கேள்விக்கும் தலை அசையக் கூடாது, விரல் வட்டம் மட்டும். இட்லி போதுமா, வட்டம். குப்பைத் தொட்டியை வெளியில் வைத்தாயிற்றா, வட்டம். ஸ்பிரிங்வேலில் மீன்கடைக்காரர் தலையை வெட்டி எடுக்கட்டுமா என்று கேட்க, நான் வட்டம் காட்டினேன், என் தலையைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். அலுவலக வீடியோ கூட்டத்தில் மேலாளர் சொன்ன அத்தனைக்கும் கழுத்தை விறைத்துக்கொண்டு வட்டம் காட்டினேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. என்னிடமே இந்த அளவு பிழை இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகள் ஒரு வேளை உணவு முழுக்க என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா, யூ லுக் லைக் எ ரோபோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாலை தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கே மனைவி ஊர்ப்பக்கத்து அன்ரி ஒருவர், சாப்பிட்டீங்களோ என்று கேட்டார். கழுத்தை அசைக்காமல், அவரை நேராகப் பார்த்து, விரலால் வட்டம் காட்டினேன். அவர் பதறிப்போய் உள்ளே ஓடித் தைலப் போத்தலோடு வந்தார். சுளுக்குத்தான், சுடுதண்ணி ஒத்தடமும் குடுக்க வேணும் என்று சொல்லி, கதிரையில் இருத்தி, பிடரியில் அழுத்தித் தேய்த்துவிட்டார். என் மனைவி பக்கத்திலேயே நின்று சிரித்தாள். ஒரு வாரம் கழித்து அவள் சிரிப்பதைப் பார்த்த சந்தோஷத்தில், எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு இன்னொரு தரம் வட்டம் காட்டினேன்.

ஞாயிறு காலை மறுபடி படகுத்துறை. தடித்த ரப்பர் உடுப்புக்குள் இருவரும் திணித்த மூட்டைகளாக நின்றோம். இறங்கி, தூண்களுக்கு நடுவே மணலில் மண்டியிட்டோம். முகக் கண்ணாடிக்குள் பாதி தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். முதலில் நான். உப்புத் தண்ணீர் கண்ணைக் கரித்தது, ஊதினேன், போனது. ஆசிரியர் நலமா என்றார். மரக்கட்டை மாதிரி கழுத்தை வைத்துக்கொண்டு வட்டம் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அடுத்து என் மனைவி. குளத்தில் இதை அவள் என்னைவிடச் சுத்தமாகச் செய்திருந்தாள். இங்கே தண்ணீரை உள்ளே விட்டதும் சட்டென்று நிறையக் குமிழிகள் வந்தன. பிறகு ஊதி வெளியேற்றிவிட்டாள். நலமா என்று ஆசிரியர் கேட்க, பாடப்புத்தகத்தில் போடலாம் போல ஒரு வட்டம் காட்டினாள். ஆசிரியர் திருப்தியாகத் தூண்கள் பக்கம் திரும்பினார்.

நான் அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோவாய் கொஞ்சம் இறங்கி, ஒரே ஒரு தரம், இடமும் வலமும் மெல்ல அசைந்தது. எனக்கு அது தெரியும். வீட்டில் குசினிக்குள் சட்டி மூடி கொஞ்சம் பலமாக விழும். என்னாச்சும்மா என்று நான் கேட்பேன். ஒண்டுமில்லை என்பாள், தலை சரியாக இப்படித்தான் அசையும். ஒன்றுமில்லை என்று ஒரு மனைவி சொன்னால் ஒன்று இருக்கிறது என்பது தமிழ் படித்த எவனுக்கும் தெரியும். அந்த மாதிரி நேரங்களில் நான் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவேன். கடலுக்கடியில் கிரிக்கெட் இல்லை.

ஆசிரியரின் தோளைத் தட்டி, கட்டைவிரலை உயர்த்தினேன். ஆசிரியர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். நான் மனைவியைக் காட்டி, மறுபடி உயர்த்தினேன். அவர் காரணம் கேட்கவில்லை.

மேலே வந்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றி இருமினாள், என் கையை விடவே இல்லை.

"மூக்கால தண்ணி போயிட்டுது. சரியாப் பயந்து போனன்," என்றாள். "ஏலாது எண்டு சொன்னா நீங்கள் இதுதான் சாட்டு எண்டு வீட்ட கூட்டிக்கொண்டு போயிடுவியள். அதுதான் சொல்லேல்லை."

உண்மைதான். போதும்மா, வீட்டுக்குப் போலாம் என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் பொனேரும் இல்லை, ரப்பர் உடுப்பும் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"மெதுவா மூச்சு விடும்மா," என்றேன். "எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்க. அப்புறம் திரும்பப் போலாம். நான் பக்கத்துலயே இருக்கேன்."

திரும்பப் போனோம். இரண்டாம் தரம் கண்ணாடியைச் சுத்தமாக ஊதினாள். வட்டம் காட்டியபோது நான் தலையைத்தான் பார்த்தேன், அசையவில்லை. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு தூணில் பாசியைப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கடற்குதிரை நின்றது. என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஆசிரியர் நேரமாகிவிட்டது என்று சைகை காட்டியும் அந்த இடத்தை விட்டு வரவில்லை. குளிரில் என் பல் குழாயைக் கடித்துத் துளைத்துவிடும் போலிருந்தது. ஆனாலும் அவள் கண்ணாடிக்குள் தெரிந்த கண்களைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் ஆசிரியர் இருவரும் பாஸ் என்றார். இனி அவள் எந்தக் கடலில் இறங்கினாலும் இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு காரின் பின்பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்தேன். மனைவி ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கு முதலில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"முகத்தில கண்ணாடி. வாயில குழாய். நான் ஒரு சொல்லும் பேசேல்லை. அப்பிடியிருந்தும் உங்களுக்கு விளங்கிட்டுது, என்ன?"

ஆமா என்றேன், அடக்கமாக.

"அப்ப இவ்வளவு வருசமும் வீட்டில விளங்காத மாதிரி இருந்தனீங்கள், அது என்னத்துக்கு?"

நான் தேநீரை முழுவதும் குடித்தேன். அந்தக் கேள்விக்கு என்ன சைகை காட்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.