பூண்டு நுழையாத வீட்டில் பூண்டு வாடை

அப்போது வீட்டில் இருந்தவர்கள்: நைனா, அம்மா, அண்ணன், அண்ணி, நான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

செஞ்சியில் நாங்கள் ஜைனர். பூண்டு, வெங்காயம் வீட்டுக்குள் வராது. அறுபதுகளில் ஒரு கோடையில் வீட்டில் பூண்டு வாடை வந்தது.

அம்மா பானைகளைக் கவிழ்த்துத் தேய்த்தாள். போகவில்லை. அண்ணன் கழனிக்குப் போனால் வாடையும் போகும். அவன் வந்தால் வரும். அவன் தலையணையில் இருந்தது. கன்றுக்குட்டி அவன் முகத்தை மோந்து பின்வாங்கியது.

"எங்கடா தின்ன?" என்றாள் அம்மா.

"சத்தியமா இல்லம்மா."

"பஸ் ஸ்டாண்டுல மசால் வடையா, இன்னா?" அண்ணி சிரித்தாள். "தெருவே மணக்குது, உங்களுக்குத்தான் தெரியல."

நைனா சிரிக்கவில்லை. தின்ற பாவத்துக்கு மூன்று நாள் நோன்பு என்றார். காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும். அதுவும் பொழுது சாய்வதற்குள்.

அண்ணன் காலில் படை. அதற்கு ஒரு வைத்தியர் கொடுத்த வெள்ளைப் பொடியை மட்டும் நிறுத்தவில்லை. மருந்து சாப்பாடு இல்லையே. வழக்கமாகப் பால்சோற்றோடு ஒரு சிட்டிகை. அந்த மூன்று நாளும் வெறும் வயிற்றில். கலக்கிக் கொடுத்தது நான்.

மூன்றாம் நாள் அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. வாடை கூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சும் பூண்டு. வாந்தி எடுத்தான். கால் நிற்கவில்லை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் குனிந்து மோந்தார். "பூண்டு தின்னாரா?"

"மூணு நாளா ஒன்னும் தின்னல சார். பொடி மட்டுந்தான்" என்றேன்.

பொடியை வாங்கிப் பார்த்தார். "இதுல பாஷாணம் கலந்திருக்குய்யா. உடம்புக்கு இது அடையாளம் தெரியாது. சத்துன்னு நெனச்சு உள்ள வுட்டுடும். அப்புறம் மூச்சுல தள்ளும், அதான் இந்தப் பூண்டு வாடை. மூத்திரத்துல தள்ளும். மிச்சத்த முடியிலயும் நகத்துலயும் ஒதுக்கி வைக்கும்."

"பொழைப்பானா?" என்றார் நைனா.

"இப்ப சொல்ல முடியாது. பொழைச்சா நகத்துல வெள்ளைக்கோடு வரும். அது ஏறி வெளிய போவணும்."

வாடை பத்து நாளில் போனது. ஒன்றரை மாதம் கழித்துக் கை நகங்கள் எல்லாவற்றிலும் கோடு வந்தது. ஒரே உயரத்தில், நூல் கட்டியதுபோல.

"இதான் அந்த மூணு நாள் நோன்பு" என்றாள் அண்ணி. அதன் பிறகு அவள் கேலி பேசவில்லை.

அவன் சோறு பிசையும்போது எல்லாரும் அந்தக் கையையே பார்த்தோம். கோடு மெல்ல ஏறியது. நுனிக்கு வந்ததை நைனாவே வெட்டினார். துண்டுகளை ஒரு தாளில் மடித்து வைத்தார். கட்டைவிரல்தான் கடைசி. அன்று தாளைப் பிரித்து எண்ணினார்.

பத்து.