மாப்பிள்ளைக்குப் புது சீட்

குமுளி மலைப்பாதையில் பாதி தூரம் இறங்கியிருந்தேன். ஏலக்காய்த் தோட்டத்தை விட்டு விடியும்போதே கிளம்பியாயிற்று. கணுக்காலில் அட்டை கடித்த இடமெல்லாம் புண். காய்ச்சல் விட்டுவிட்டது, அதன் நடுக்கம் மட்டும் முட்டியில் மிச்சம் இருந்தது. கங்காணி தேடுவார் என்று தெரியும். தேடட்டும் என்று நடந்தேன். கையில் ஒரு துணி மூட்டை, அதற்குள் ஒரு தகரக் குவளை.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு கார் பின்பக்கமாக மலையேறி வந்தது.

நின்றுவிட்டேன். துணிக்கூரை போட்ட பழைய கார். முதுகை மேட்டுப் பக்கம் காட்டிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, மெதுவாக ஏறியது. ஓட்டி வந்தவர் கழுத்தைத் திருகி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் வந்ததும் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

"என்னலே அப்படிப் பாக்குற? கார் பார்த்ததில்லையா?"

"பார்த்திருக்கேன். முதுகைக் காட்டி மலையேறுற காரைப் பார்த்ததில்லண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்திருந்த நீள மெத்தையை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் எண்ணெய்த் தொட்டி இருந்தது. "பெட்ரோல் இங்கன இருந்து எஞ்சினுக்குத் தானா வடியணும். மூஞ்சி மேல போனா எஞ்சின் ஒசந்துருது, வடியாது. அதான் பின்னால ஏத்துறேன். சரி, மேல ஒரு கார் பாறையில முட்டிக் கெடக்கே, பார்த்தியா?"

"பார்த்தேன். ஆளு யாரும் இல்ல. உள்ள கொரங்குக உக்காந்திருந்துச்சுக."

"ஐயையோ! சீட்டைக் கிழிச்சிருமேலே! ஏறு, ஏறு!"

விட்டு வந்த மலையிலேயே மறுபடி ஏறுவேன் என்று நினைக்கவில்லை. ஆனால் அதுவரை நான் காரில் ஏறியதும் இல்லை. ஏறிவிட்டேன். உட்கார்ந்ததும் கம்பிச் சுருள் ஒன்று தொடையில் குத்தியது.

"குத்துதா? அதுதான் என் தலைவலி" என்று போகிற வழியில் சொன்னார். கம்பத்தில் அவர் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர். மறுநாள் காலை காமயகவுண்டன்பட்டியிலிருந்து பண்ணைப்புரத்துக்கு ஒரு மாப்பிள்ளையை ஏற்றிப் போக வேண்டும். வாடகை பேச வந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் இந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எழுந்தபோது சரிகை வேட்டியில் ஒரு முழத்துக்குக் கிழிசல்.

"வேட்டி கிழியாத சீட்டோட வந்தா வா, இல்லைன்னா உத்தமபாளையத்துல வேற கார் இருக்குன்னுட்டாக. இது போச்சுன்னா வைகாசி முகூர்த்தம் அம்புட்டும் போச்சுடா. கிழிஞ்ச வேட்டிக் கதை பள்ளத்தாக்கு பூரா பரவிரும்."

பாறையில் முட்டிய கார் ஒரு தோட்டத்துரையுடையது. புத்தம்புது மாடல். முன்பக்கம் நசுங்கிப்போனதால் துரை அதை அங்கேயே விட்டுவிட்டார், சீட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். குரங்குகளைக் கல்லெறிந்து விரட்டினோம். ஒரு குரங்கு மட்டும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. "லைசென்ஸ் இருக்கானு கேளுலே" என்றார் அவர்.

முன்சீட்டு இரண்டும் தனித்தனியாக இருந்தன. பழுப்புத் தோல், சாய்மானம், கீழே இரும்புக் கால்கள். சாலையோரம் இறக்கி வைத்து ஒன்றில் நான் உட்கார்ந்தேன். அதுவரை நான் உட்கார்ந்ததிலேயே மெத்தென்ற இடம் வைக்கோல்போர்தான். எழுந்திருக்க மனமே வரவில்லை. அவரும் இன்னொன்றில் உட்கார்ந்தார். நடு மலையில் ராஜாக்கள் மாதிரி இரண்டு பேரும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கம்பத்தில் அவர் வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. பழைய மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது சீட்டை வைத்தால், போல்ட் துளை ஒன்றுகூட ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சீட்டு வேறு உயரம். அவர் உட்கார்ந்தால் முட்டி ஸ்டீரிங்கில் இடித்தது, தலை கூரைத்துணியில் முட்டியது.

"கூரையைக் கழட்டிரலாமா?" என்றார்.

"காலை அறுத்துரலாம்ணே."

"யார் காலை?"

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஒரு வண்டிப்பட்டறையில் சில மாதம் இருந்திருக்கிறேன், மரத்தையும் இரும்பையும் சேர்க்கத் தெரியும். சீட்டின் இரும்புக் கால்களை ரம்பத்தால் அறுத்தோம். உடைந்த மாட்டுவண்டியின் பலகையை வாங்கி வந்து, தொட்டிக்கு மேலே குறுக்காகப் போட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டு, சீட்டுகளை அதில் முடுக்கினோம். பசி மறந்துவிட்டது. ஒவ்வொரு நட்டும் இறுகும்போது நானே மாப்பிள்ளை ஆகப்போகிற மாதிரி இருந்தது.

அவர் மனைவி வந்து ஏறி உட்கார்ந்து பார்த்தார். "என்னைக் கட்டிக் கூட்டியாந்தப்ப இவுக கொண்டாந்தது மொட்டை வண்டி, தம்பி. இப்ப எவனோ ஒருத்தனுக்குத் தோல் மெத்தை" என்றார்.

"நீயும்தான உக்காந்திருக்க. எறங்கு, பூசை போடணும்" என்றார் அவர்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அந்தப் பக்கத்து ஓட்டுநர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பூசை போட்டபின், வண்டி பழத்தை நசுக்கி ஓர் ஓட்டம் ஓடும்வரை அதில் ஸ்பானர் படக்கூடாது. பட்டால் வழியில் நின்றுவிடும் என்பார்கள். "இனி சாமி கையில" என்று சொல்லி ஸ்பானரைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்.

காலையில் புது வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு பெட்ரோல் டின்னை எடுத்து வந்தார். பழைய வழக்கத்தில் அவர் இடது கை மெத்தையைத் தூக்கப் போனது. மெத்தை வரவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

தொட்டியின் வாய் இடது சீட்டுக்கு அடியில், பலகைக்குக் கீழே இருந்தது. அதன் மேல் சீட்டை அழகாக, ஆடாமல் அசையாமல் முடுக்கி வைத்திருந்தோம். தொட்டிக்குள் இருந்தது முந்தின நாள் மலை ஏறி இறங்கியதிலேயே தீர்ந்திருந்தது. எனக்குத் தொட்டியை அவர் காட்டியே சொல்லியிருந்தார். அதன் மேல்தான் பலகையைப் போட்டோம். வாய் இருப்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நான் ஓடிப்போய் ஸ்பானரை எடுத்து வந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்லே. ஓடாத வண்டியில இரும்பு வைக்காத. மாப்பிள்ளை ஏறப்போற வண்டி."

"பெட்ரோல் ஊத்தாம எப்படிண்ணே ஓடும்?"

"அதான் தெரியலையே!" என்றார். தெருமுனையில் சலங்கைச் சத்தம் கேட்டது. தாய்மாமன் சீட்டைப் பார்த்து உறுதி சொல்ல வில்வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி வாசலைத் தெளித்துக்கொண்டே சொன்னார்: "ஓடணும்னுதான சொல்லிருக்காக. பெட்ரோல்ல ஓடணும்னு யார் சொன்னா? தள்ளுங்க!"

அண்ணனும் நானும் மதினியின் முகத்தையே பார்த்தோம். பிறகு பாய்ந்து பின்னால் போனோம். அதற்குள் தாய்மாமன் வந்து இறங்கிவிட்டார்.

"என்னப்பா, வண்டி ஓடாதா?"

"ஓடுறதுக்குத்தான் நிக்கிதுண்ணே. ஏறி உக்காந்து பாருங்க, கோயில் வரைக்கும் ஒரு ஓட்டம்" என்றார் மதினி.

தாய்மாமன் முன்னெச்சரிக்கையாக வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது சீட்டில் உட்கார்ந்தார். அண்ணன் ஸ்டீரிங்கில். நான் தள்ளினேன், மதினி தள்ளினார், டீக்கடையில் இருந்தவர்கள் கேலி பேசிக்கொண்டே வந்து தள்ளினார்கள். எலுமிச்சம்பழங்கள் நாலும் நசுங்கின. கோயில் பக்கம் தெரு சரிவு. கார் எங்கள் கையை விட்டு உருண்டு ஓடியது. பின்னாலேயே நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம்.

கோயில் வாசலில் தாய்மாமன் இறங்கி, வேட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பூ மாதிரி இருக்கப்பா! போன தடவை என்னா சத்தம், என்னா ஆட்டம். இப்ப சத்தமே இல்ல!"

"எல்லாம் சீட்டுதான்" என்றார் அண்ணன், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல்.

தாய்மாமனின் வில்வண்டி தெருவைத் தாண்டியதும், காரை வீட்டு வாசலுக்குத் தள்ளி வந்து ஸ்பானரை எடுத்தோம். பலகையை இடது பக்கம் வெட்டினேன். மதினி அடுப்படி ஜன்னலின் கீல்களைப் பிடுங்கிக் கொடுத்தார். அவற்றைச் சீட்டின் முன்பக்கத்தில் அடித்தேன். சீட்டைப் பின்னாலிருந்து தூக்கினால் பெட்டி மூடி மாதிரி முன்பக்கம் சாய்ந்தது. தொட்டி வாய் திறந்தது! புனலில் துணி போட்டுப் பெட்ரோலை ஊற்றினோம்.

பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி வேண்டும். அதற்கு நேரமில்லை, முகூர்த்தம் நெருங்கிவிட்டது. பிரேக் போட்டால் மாப்பிள்ளை முன்கண்ணாடியில் போய் முட்டுவார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். என் மூட்டை வாசலில் கிடந்தது. தேனிக்குப் போய் ரயில் பிடித்து மதுரைக்குப் போகலாம் என்றுதான் இறங்கியிருந்தேன்.

"நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன்.

காமயகவுண்டன்பட்டியில் மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். நான் காரின் பக்கவாட்டுப் படியில் நின்று, ஒரு கையால் கூரைக்கம்பியையும் மறு கையால் சாய்மானத்தையும் பிடித்துக்கொண்டேன். மேளம் முழங்கியது, கார் கிளம்பியது, தென்னைகள் பின்னால் ஓடின. ஊரைத் தாண்டியதும் ஓர் எருமை குறுக்கே வந்தது. பிரேக். சீட்டு எழும்பியது. உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினேன், அமர்ந்தது.

மாப்பிள்ளை மாலையை விலக்கி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நீ எதுக்குப்பா வர்ற?"

"சீட்டுக்கு" என்றேன்.