மணவறைத் திரையில் முதல் வரிப் பிழை

என் கணவருடைய தங்கையின் திருமணம் துறைமுக வீதிப் பக்கத்து மண்டபமொன்றில் நடந்தது. அன்று எனக்கென்று ஒரேயொரு வேலைதான். தாலி கட்டுவதற்கு முன்னர், ஆசீர்வதித்துத் தூவும் அறுகரிசியும் பூவும் நிறைந்த தட்டைச் சபை முழுக்கக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். "வேற ஒண்டும் செய்யவேண்டாம் பிள்ளை, இதை மட்டும் வடிவாச் செய்தாக் காணும்" என்று மாமி சொல்லியிருந்தார். என்னைப் பற்றி அவருக்கு நல்ல தெளிவு இருந்திருக்கிறது.

நானும் குறிஞ்சாக்கேணியில் இருக்கும் கூட்டாளி ஒருவரும் சேர்ந்து மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். மீன் லொறிகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் செயலி ஒன்றை ஒரு மீன் முதலாளிக்குச் செய்திருந்தோம். அதை அவருக்குக் காட்டவேண்டிய நாளும் அந்தக் கலியாண நாளும் ஒன்றாக வந்துவிட்டன. "நீங்க கலியாணத்தைப் பாருங்க, இதை நான் பாத்துக்கொள்றன்" என்றார் கூட்டாளி. நானும் நம்பிப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

தட்டைக் கையில் எடுத்த நேரம் தொலைபேசி அடித்தது.

"பில்ட் ஆகுதில்ல" என்றார் கூட்டாளி. "கண்டெய்னர் ஃபைலை வாசிக்க ஏலாதாம். முதல் வரியிலேயே பிழையாம்."

எங்கள் செயலியை ஒரு பெட்டிக்குள் அடைத்து அனுப்புவது மாதிரித்தான் அனுப்புவோம். அந்தப் பெட்டிக்குக் கண்டெய்னர் என்று பெயர். உள்ளே என்னென்ன வைக்கவேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், ஒரு கருவி அதை வாசித்து அடைக்கும். அந்தக் கோப்பின் முதற் சொல் எப்போதும் 'ஃப்ரொம்'. எதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதைச் சொல்வது அது. அந்தக் கருவி பிறந்ததிலிருந்து வாசித்துவரும் சொல். அன்றைக்கு மட்டும், 'ஃப்ரொம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது' என்று அடித்துச் சொல்லிக்கொண்டு நின்றது.

"எழுத்துப் பிழை விட்டீங்களோ?"

"இல்லையே. சரியாத்தான் இரிக்கி. முதலாளி லைன்ல நிக்கிறார்."

"எனக்குக் கேக்கேல்ல, மேளம் அடிக்குது!"

"என்ன செய்யிற எண்டு சொல்லுங்க!"

நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு முழுப்பலத்தோடும் கத்தினேன். "எல்லாத்தையும் அழியுங்கோ!"

அந்த நொடியில் தவில்காரர் கையை எடுத்துவிட்டார். என் குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மணவறையில் மாப்பிள்ளைத் தோழனாகத் தலைப்பாகையோடு இருந்த என் கணவர் பூமாலையில் இருந்த பூக்களை எண்ணத் தொடங்கினார்.

கூட்டாளி அந்தச் சொல்லை அழித்துத் திரும்ப அடித்தும் அதே பிழை வந்தது. நானே பார்த்தால்தான் சரிவரும் என்று தோன்றியது. மேடைக்குப் பக்கத்தில் வீடியோக்காரரின் மடிக்கணினி ஒரு மேசையில் இருந்தது. "தம்பி, ஒரு நிமிசம் பாவிக்கலாமோ?" என்றேன். "ஓம் அக்கா, பாவியுங்கோ, கமராவில எல்லாம் பதியுது" என்று சொல்லிவிட்டு அவர் தாலி கட்டுவதைக் கிட்டத்தில் எடுக்க மேடைக்கு ஏறிவிட்டார். அந்தக் கணினியில் தெரிவதெல்லாம் மண்டபத்தின் இரண்டு பெரிய திரைகளுக்கும், கனடாவில் விழித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்கும் போகிறது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரைகள் இரண்டும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கூட்டாளியின் கணினித் திரையை இணையம் வழியாகத் திறந்தேன். கறுப்புப் பின்னணியில் சிவப்பெழுத்தில் பிழை. சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெண் சேலை மாற்றிக்கொண்டு வருகிறாள் போலும் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது என் கணவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ காட்டினார். தட்டைக் கொண்டுவரச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டு, "பொறுங்கோ, வாறன்" என்று நானும் கையைக் காட்டினேன்.

கோப்பைத் திறந்து கர்சரை முதல் வரியின் தொடக்கத்தில் வைத்தேன். வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினேன். கர்சர் அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்திய பிறகுதான் முதலெழுத்தைத் தாண்டியது. அப்படியென்றால் அந்த எழுத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று இருக்கிறது! கூட்டாளி யாரோ அனுப்பிய செய்தியிலிருந்து அந்த வரியை வெட்டி ஒட்டியிருந்தார். அதோடு உருவமில்லாத ஓர் எழுத்தும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சொல்லைத்தான் அழித்து அழித்து அடித்தாரே தவிர, முன்னால் இருந்த இதைத் தொடவில்லை.

அதை அழித்துவிட்டுக் கருவியை ஓட விட்டேன். வரிகள் மளமளவென்று ஓடின. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று ஐயர் சொன்னார். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போயின. எல்லாம் சரி என்று பச்சை எழுத்தில் வந்தபோது நான் கையைத் தட்டிக்கொண்டு எழும்பித் திரும்பினேன். அப்போதுதான் இரண்டு திரைகளிலும் அதே பச்சை எழுத்து ஆளுயரத்துக்கு நிற்பதைக் கண்டேன். தாலி கட்டியாயிற்று. அறுகரிசி முழுவதும் என் தட்டிலேயே இருந்தது. சபையில் அரைவாசிப் பேர் வெறுங்கையை வீசி ஆசீர்வதித்தார்கள்.

மாமியின் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து அவருடைய தமையன்.

"தங்கச்சி, தாலி கட்டினது தெரியேல்லையே! ஏதோ இங்கிலீசில ஓடி ஓடிப் போச்சுது. நாங்கள் எல்லாரும் எழும்பி நிண்டு அதுக்குத்தான் பூப் போட்டனாங்கள்."

மாமி என்னைப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லதென்று இருந்தது. ஆனால் மணப்பெண் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, மாலை குலுங்கக் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள். சாப்பாடு முடியுமுன்னர் மாப்பிள்ளை, வாயில் பாதி வடையோடு, அவளுடைய கழுத்தில் ஏற்கெனவே கட்டிய தாலியைப் பிடித்தபடி கனடாவுக்காக இன்னொரு தடவை நின்றார். இந்த முறை அறுகரிசியை நான் எல்லோருக்கும் கொடுத்தேன். இரண்டு பிடி கூடவே கொடுத்தேன்.

மீன் முதலாளிக்குச் செயலி பிடித்துவிட்டதாம். அந்தச் சந்தோசத்தில் கூட்டாளி மனைவியையும் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். பந்தியில் அவருக்குச் சோறு போட்ட மாமி, கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீங்களோ அந்தப் பிழை?"

"இல்லம்மா" என்றார் அவர் மிகவும் பணிவாக. "நான் அதுக்குப் பக்கத்துல இருந்த ஆள்."

மாமி இன்னொரு கரண்டி சோறு போட்டார்.